வெட்டிய வசனம்

தோழர் பெர்ச்சிச் சிரிக்க ஆரம்பித்ததும் விதோமிர் கிளிஷின் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். பழக்கதோஷம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு வினாடிச் சிரிப்பு, நடுவில் ஒரு இருமல் வேறு. பெல்கிரேடில் எந்த மேடையில் இது கிடைத்தாலும் நகைச்சுவை எழுதுகிறவன் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஆனால் பெர்ச்சிச் சிரித்தது நாடகத்திலேயே இல்லாத ஒரு வசனத்துக்கு.

"'லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு ஏகமனதா தீர்மானம் போட்டாச்சு. இனிமே படியேறிப் போறவன் தீர்மானத்துக்கு விரோதி!' அடடா, எப்படித்தான் தோணுதோ உங்களுக்கு!" பெர்ச்சிச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, நீங்களே வெட்டிட்டீங்க. எங்களுக்கு வேலை வைக்கல."

விதோமிரும் சிரித்து வைத்தார். பெர்ச்சிச் நகரக் கலாசாரக் குழுவின் செயலாளர். அவர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும். எதற்குச் சிரிக்கிறோம் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

"நாடகம் டிசம்பர் ஒண்ணாம் தேதி மேடையேறுதில்ல? சத்தமில்லாம நடந்து முடியட்டும். புது வருஷம் பொறந்ததும் அந்த டப்பாக்களுக்கும் கொஞ்சம் காத்து படட்டுமே. ஒரு தியேட்டர், ஒரு வாரம். நான் பேசிப் பார்க்கிறேன்."

டப்பாக்கள் பதினொன்று. ஐந்து வருஷங்களுக்கு முன்னால் விதோமிர் எடுத்த நாலாவது படம் அவற்றுக்குள் இருந்தது. தொழிற்சாலைத் திறப்பு விழாக்களுக்கு வாத்தியம் வாசிக்கப் போகும் ஒரு கிராமத்துக் கோஷ்டி, கடைசியில் தொழிற்சாலையே இல்லாத ஒரு வயல்வெளியில் நின்று முழங்கிவிட்டுத் திரும்பி வரும் கதை. அதை யாரும் தடை செய்யவில்லை. இங்கே யாரும் எதையும் தடை செய்வதில்லை. ஒவ்வொரு தியேட்டரின் தொழிலாளர் குழுவும் தானாகவே கூடி, தானாகவே கை தூக்கி, தங்களுக்குத் தேதி இல்லை என்று எழுதிவிட்டது. அவ்வளவுதான். டப்பாக்கள் ஸ்டுடியோவின் அடித்தளத்துக்குப் போயின. அந்த இடத்தைச் சினிமாக்காரர்கள் பங்கர் என்பார்கள். அன்றிலிருந்து விதோமிர் கேமராவைத் தொடவில்லை. நாடகக் கம்பெனிகளுக்குக் காமெடி எழுதிக் காலம் தள்ளினார். ஆனாலும் நடக்கும்போதும் சவரம் செய்யும்போதும் அந்தப் படம் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வயல்வெளியில் பெரிய டிரம்காரர் மழையைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையைத் தன்னையும் படத்தொகுப்பாளரையும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லையே என்பதுதான் அவருடைய ஒரே துக்கம்.

அலுவலகத்திலிருந்து இறங்கும்போது அவர் லிஃப்ட்டில் ஏறவில்லை. படியில் இறங்கிக்கொண்டே கணக்குப் போட்டார். அந்த வசனத்தை எழுதியது அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து, சமையலறை மேஜையில் வைத்து இரண்டாம் அங்கத்தை நண்பர் யெவ்ரெமுக்குப் படித்துக் காட்டினார். மனைவி லெபோசாவா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யெவ்ரெம் போனதும் பயம் வந்தது. அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு வேறு தாள் அடித்தார். கம்பெனிக்குப் போன பிரதியில் லிஃப்ட் வசனம் கிடையாது. ஆக, உலகத்தில் அதைக் கேட்ட காது ஒன்றே ஒன்றுதான். யெவ்ரெமின் காது.

யெவ்ரெம் வெறும் நண்பரா என்ன? விதோமிரின் கல்யாணத்தில் சாட்சி நின்ற கூம். கூம் என்றால் அண்ணன் தம்பிக்கு மேலே. அண்ணனோடு கோர்ட்டுக்குப் போகலாம். கூமோடு முகம் கோணக்கூடாது. இருபத்தைந்து வருஷமாக விதோமிரின் நாலு படத்திலும் ஏழு நாடகத்திலும் நடித்தவர். வயலில் மழையைப் பார்த்த டிரம்காரர் அவர்தான். இந்த நாடகத்திலும் அவருக்குத்தான் முக்கிய வேஷம்: குடியிருப்போர் சங்கத் தலைவர்.

"யாரோ போட்டுக்கொடுக்கிறாங்க, லெபா" என்றார் வீட்டுக்கு வந்ததும். நடந்ததைச் சொன்னார்.

லெபோசாவா முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வெட்டினதைப் பத்தித்தானே சொன்னாரு? சந்தோஷமாத்தானே சொன்னாரு?"

"அதுவா விஷயம்? யெவ்ரெம் ஒருத்தன்தான் கேட்டான்."

கத்தி நின்றது. "கூமா இருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." கத்தி மறுபடி ஓடியது. "கூமைச் சந்தேகப்பட்டவன் வீட்டுல விளக்கு நிக்காது. எங்க அம்மா சொல்லுவா."

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது வரும்போது ஒற்றை ஆளாக வராது, சாட்சிகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும். யெவ்ரெமுக்குப் போன வசந்தத்தில் ஆற்றுக்கு அக்கரையில், நோவி பெயோகிராடில், குழாய் வழியாக வெப்பம் வரும் புது வீடு கிடைத்தது. விதோமிர் இன்னும் இங்கே கரி மூட்டை சுமந்துகொண்டிருந்தார். டெலிவிஷன் தொடரில் யெவ்ரெமுக்குத் தபால்காரர் வேஷம்; வாராவாரம் நாடே பார்க்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விதோமிருக்கு எட்டு மாதம் ஆயிற்று. யெவ்ரெம் ஒரே வாரத்தில் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி இத்தாலியின் த்ரியெஸ்தெவுக்குப் போய் ஜீன்ஸும் காப்பிக்கொட்டையும் வாங்கி வந்தார். லெபோசாவாவுக்கும் ஒரு கிலோ கொடுத்தார். ஏன் கொடுத்தார்? அப்போது தோன்றாத கேள்வியெல்லாம் இப்போது வரிசையில் நின்றது.

டெலிவிஷனில் தபால்காரர் கடிதத்தை நீட்டும்போது விதோமிர் அந்த விரல்களையே பார்த்தார். உறையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் பிடித்துத் தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தது. இதை யார் இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். யெவ்ரெமிடம் மட்டும் ஒரு வசனத்தைச் சொல்வது. நாடகத்தில் இருக்கப்போவதாகப் பொய் சொல்வது. அது பெர்ச்சிச்சின் வாய்க்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது. எலிப்பொறிக்குத் தேங்காய்ச் சில்லு போதும், விருந்து வைக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு சப்பை வசனம் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதியும் பார்த்தார். முதல் வசனம் மொக்கை. 'இதைப் போய் யெவ்ரெமிடம் சொன்னால் எனக்கு எழுத வராமல் போய்விட்டது என்றல்லவா நினைப்பான்?' கிழித்தார். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் முடிகிற இடத்தில் ஒரு சொல் அதிகம். மூன்றாவதைச் செதுக்கிச் செதுக்கி ஒரு பகலை முழுசாகச் செலவழித்தார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். தானே மூன்று வினாடி சிரித்தார்.

புதன்கிழமை மதியம், நாடகக் கம்பெனிக்கு எதிரே இருந்த உணவு விடுதியில் யெவ்ரெம் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். தபால்காரரைப் பார்க்கிற ஆசையில் பணியாள் இரண்டு முறை மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார்.

"புதுசா ஒண்ணு சேர்க்கப் போறேன்டா" என்றார் விதோமிர். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். சங்கக் கூட்டம் நடக்குது. செயலாளர் மூச்சிரைக்க ஓடி வர்றான். 'தலைவரே, கூட்டக் குறிப்பேடு தொலைஞ்சுபோச்சு!' நீ நிதானமா மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு, 'அதுக்கு ஏன்யா பதர்ற? மேலிடத்துல ஒரு பிரதி இருக்கும். நம்மளதவிட அது தெளிவா இருக்கும்'கிற."

யெவ்ரெம் ரொட்டியைக் கீழே வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூமே, கூமே!" யெவ்ரெம் மார்பைப் பிடித்துக்கொண்டார். "இதுக்காகவே நான் இன்னும் சாகாம இருக்கேன். ஆனா சேர்க்காதடா. சத்தியமா சேர்க்காத. உன் டப்பாக்களை நெனச்சுப் பாரு."

என்ன அக்கறை! இவ்வளவு அக்கறை எங்கிருந்து வருகிறது? விதோமிர் சூப்புக்கான காசைத் தானே கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

சனிக்கிழமை காலை டெலிபோன் மணி அடித்தது.

"தோழர் கிளிஷின், அந்தக் குறிப்பேட்டு விஷயம்..." பெர்ச்சிச் இந்தமுறை சிரிக்கவில்லை. "அது நாடகத்துல இருக்கா?"

"எந்தக் குறிப்பேடு?"

"மேலிடத்துப் பிரதி."

"இல்ல தோழரே. சத்தியமா இல்ல. கம்பெனியில கேட்டுப் பாருங்க."

"இல்லேன்னா நல்லது. இருக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. இல்லேன்னா நல்லதுன்னுதான் சொல்றேன்."

மூன்றே நாள். பொறி விழுந்துவிட்டது. விதோமிர் ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் அதன்மேல் கையை எடுக்காமல் நின்றார். சந்தோஷப்படலாம், கணக்குச் சரியாக வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒத்திகையில், எல்லாரும் இருக்கும்போதே சொன்னார். "தலைவர் வேஷத்துக்கு வயசு கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லதுன்னு படுது. யெவ்ரெம், நீ தப்பா நெனச்சுக்காதே. டெலிவிஷன் வேலை வேற உனக்கு இருக்கு."

யெவ்ரெம் விதோமிரின் முகத்தையே பார்த்தார். சண்டைக்கு வருவார், மேஜையைத் தட்டுவார், காரணம் கேட்பார் என்று விதோமிர் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். யெவ்ரெம் தன் வசனத் தாள்களை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டாம் அங்கத்துல மூணாவது பக்கம் காப்பி கொட்டிட்டேன்டா. வர்றவனுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கும். வேற அடிச்சுக் குடு" என்றார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குற்றவாளிதான் காரணம் கேட்க மாட்டான் என்று விதோமிர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடந்ததை லெபோசாவாவிடமும் சொன்னார். அன்று முட்டைக்கோஸ் அடிப்பிடித்துப்போயிருந்தது.

அடுத்த புதன்கிழமை அவர்களுடைய ஸ்லாவா, அதாவது குடும்பத்தின் காவல் புனிதரான அதிதூதரின் திருநாள். முந்தின நாள் காலை விதோமிர் முடிவெட்டிக்கொள்ளப் போனார். முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாகக் கண்ணடித்தார்.

"ஒரு ஜோக் சொல்றேன் கேளுங்க சார். எங்க சங்கக் குறிப்பேடு தொலைஞ்சுபோச்சாம்..."

விதோமிருக்குக் காதுக்குப் பின்னால் ஜில்லென்றது. அது கத்தரிக்கோலின் குளிர்ச்சி மட்டுமல்ல.

சந்தைக்கு ஓடினார். புதன்கிழமை விரதநாள் என்பதால் ஸ்லாவா மேஜைக்கு இறைச்சி ஆகாது, மீன்தான். தொட்டியிலிருந்து கெண்டையை வலையில் அள்ளிக்கொண்டே மீன்காரம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "...நம்மளதவிட தெளிவா இருக்குமாம்டி!" இரண்டு பெண்களும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழு வினாடி. தன் வாழ்நாளில் அவர் வாங்கிய மிக நீளமான சிரிப்பு அது.

"யாரும்மா சொன்னது இதை?"

"யாரு சொன்னா என்ன சாமி? ஊரே சொல்லுது. தபால்காரரா நடிக்கிறாரே, அவரு டிராம்ல சொன்னாராம். என் மச்சினன் கேட்டுட்டு வந்தான். தலையை வெட்டித் தரட்டுமா, முழுசா வேணுமா?"

விதோமிர் செத்த மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஊரில் நல்ல ஜோக்கைப் பூட்டி வைக்க யாராலும் ஆகாது. அது அவருக்குத் தெரியாததா? சப்பையாக ஒன்றைச் சொல்லியிருந்தால் அது யெவ்ரெமோடு நின்றிருக்கும், அல்லது நேரே பெர்ச்சிச்சிடம் போயிருக்கும். இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும். கர்வம் பிடித்த எழுத்தாளன் செதுக்கிச் செதுக்கிக் கொடுத்தான். அது டிராம் ஏறி, சந்தை சுற்றி, யாரோ ஒரு டிரைவர் வாய் வழியாகப் பெர்ச்சிச்சின் காருக்குள்ளும் ஏறியிருக்கும். எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரு நடிகனின் வேஷம் மட்டும் போய்விட்டது.

அப்படியானால் லிஃப்ட்?

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வருகிறவர்கள் வருவார்கள், போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் வருவார்கள். வீட்டுக்காரன் அன்று முழுக்க உட்காரக் கூடாது. வந்தவர்களை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். ஒரு மணிக்கெல்லாம் மேஜை நிறைந்துவிட்டது. லெபோசாவாவின் அக்கா, அவள் கணவர், கீழ்வீட்டுப் பல் மருத்துவர், கம்பெனியின் தையல்காரி. வாசலில் வைத்த வேகவைத்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, மெழுகுவத்தியைப் பார்த்துச் சிலுவை போட்டவர்களும் உண்டு, போடாமல் தொண்டையைக் கனைத்தவர்களும் உண்டு.

ஒன்றரைக்குக் கதவில் யெவ்ரெம் நின்றார். கையில் ஒரு பாட்டில் ஒயின். இருபத்தைந்து வருஷமாகக் கொண்டுவரும் அதே ஒயின்.

"ஸ்லாவா வாழ்க, வீட்டுக்காரரே" என்றார் வழக்கம்போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு வசதி இருக்குடா. கூப்பிட மாட்டீங்க. அதனால கூப்பிடலேன்னு கோவிச்சுக்கவும் முடியாது."

விதோமிர் அவருடைய கோட்டை வாங்கி மாட்டுகிற சாக்கில் நடைக்குள் இழுத்துப்போனார். "குறிப்பேட்டு ஜோக்கை யார்கிட்டடா சொன்ன?"

"யார்கிட்ட சொல்லலேன்னு கேளு. டிராம்ல சொன்னேன், டெலிவிஷன்ல சொன்னேன், வெப்பக்குழாய் சரிபண்ண வந்தவன்கிட்ட சொன்னேன். எழுதினது எங்க கூம்னு சேர்த்துத்தான் சொன்னேன். பெருமையா இருந்துது, சொல்லக்கூடாதா?" அவருடைய முகம் மெல்ல மாறியது. "ஓ. அதுக்குத்தானா வேஷத்தை எடுத்த?"

"லிஃப்ட் வசனத்தை?"

"எந்த லிஃப்ட்?"

"ரெண்டாம் அங்கம். சமையல்கட்டுல உட்கார்ந்து படிச்சேனே, விழுந்து விழுந்து சிரிச்சியே!"

யெவ்ரெம் தரையைப் பார்த்தார். திருட்டு முழி. "சொன்னா அடிப்ப. அன்னிக்கு ரெண்டாம் அங்கம் பூரா நான் தூங்கிட்டேன்டா. முந்தின நாள் ரெண்டு ஷோ. கண்ணைத் திறந்துகிட்டே தூங்குவேன், கட்சிக் கூட்டத்துல பழகினது. நீ எங்கெங்க நிறுத்தினியோ அங்கெல்லாம் சிரிச்சேன்."

இருபத்தைந்து வருஷமாக அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்தவர் விதோமிர். அதில் பொய் எங்கே மடிப்பு விழும் என்று அவருக்குத் தெரியும். மடிப்பே இல்லை. அல்லது, இதுதான் இவன் இதுவரை நடித்ததிலேயே சிறந்த நடிப்பு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அழைப்புமணி அடித்தது.

தோழர் பெர்ச்சிச். கையில் வெள்ளைச் சாமந்தி. "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். கட்சிக்காரர்கள் எல்லாரும் ஸ்லாவா நாட்களில் யதேச்சையாக அந்தந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். முதல்முறையாக இந்த வீட்டுக்கு வருகிறவர், நடையில் ஒரு கணம் தயங்கிவிட்டு, மெழுகுவத்திக்கு முதுகு காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். மேஜையில் பேச்சு அடங்கி, பிறகு கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு மீண்டும் தொடங்கியது. கெண்டை மீன் பிரமாதம் என்று பல் மருத்துவர் இரண்டாவது தடவை சொன்னார். யாரும் ஜோக் சொல்லவில்லை.

விதோமிர் எல்லாருக்கும் ரக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டே வந்தார். தனக்கும் ஒரு கோப்பையை நிரப்பி மேஜை ஓரத்தில் வைத்தார். தூங்கியிருந்தால் அந்த வசனம் யெவ்ரெமுக்குத் தெரியாது. தாள் அடுப்பில் போய்விட்டது. சுவருக்குக் காது இருக்கிறதா? இருக்கலாம். கீழ்வீட்டுக்காரர் ஏன் மீனைப் பற்றி மட்டும் பேசுகிறார்?

லெபோசாவா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "காப்பி போடறேன். யாருக்கு எப்படி?" ஒவ்வொருவராகக் கேட்டு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "அக்கா?"

"எனக்கு இனிப்பா."

"அத்தான்?"

"நடுத்தரம்."

"டாக்டர்? நடுத்தரமா, சரி. கூமே, போன வாரம் டாக்டர் உங்களுக்கு இனிப்பு கூடாதுன்னாரா இல்லையா?"

"டாக்டர் இந்த மேஜையிலயேதான் இருக்காரு லெபா, ஆனா பல்லு டாக்டர். இனிப்பாவே குடு" என்றார் யெவ்ரெம். எல்லாரும் சிரித்தார்கள். பெர்ச்சிச்சும் சிரித்தார். தையல்காரி, நடுத்தரம். லெபோசாவாவின் விரல்கள் மடங்கி முடிந்தன. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

விதோமிர் பாட்டிலைப் பிடித்தபடி காத்திருந்தார். பெர்ச்சிச்சைக் கேட்க மறந்திருப்பாள். திரும்பி வந்து கேட்பாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கரண்டி கிண்ணத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. அவள் வரவில்லை.

வந்தபோது தட்டோடு வந்தாள். இனிப்பு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம். ஓரத்தில் தனியாக ஒரு கிண்ணம். அதை அவள் பெர்ச்சிச்சின் முன்னால் வைத்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல். பெர்ச்சிச் சர்க்கரைக் கிண்ணத்தின் பக்கம் கூடத் திரும்பவில்லை. எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். நல்ல கசப்பு இறங்கினால் மனிதர்கள் போடுகிற ஒரு பெருமூச்சுப் போட்டார்.

"படம் ஜனவரியில வந்துரும்னு நினைக்கிறேன்" என்றார் அவர். விதோமிரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் தட்டைப் பிடித்திருந்த லெபோசாவாவின் தோள்தான் தளர்ந்து இறங்கியது, வெகுநாள் சுமந்த மூட்டையை இறக்கியவள் மாதிரி. பிறகு அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அக்டோபரில் அந்தச் சமையலறையில் இருந்த காது ஒன்றல்ல. விதோமிர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

பேச்சு அப்படியே நின்றது. ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்கார்ந்து அந்த மேஜையில் யாரும் பார்த்ததில்லை. லெபோசாவாவின் அக்கா வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அப்போது யெவ்ரெம் எழுந்தார். விதோமிரின் கையிலிருந்து ரக்கியா பாட்டிலை மெதுவாக விடுவித்து வாங்கிக்கொண்டு, நின்றபடியே, பெர்ச்சிச்சிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு ரக்கியாக் கோப்பையாக நிரப்பிக்கொண்டு வந்தார். கடைசியில் விதோமிரின் கோப்பைக்கு வந்தபோது, அது ஏற்கனவே விளிம்புவரை நிறைந்திருந்தது. அவர் பாட்டிலைச் சாய்த்த கையோடு அங்கேயே நின்றார்.